பூட்டிக் கிடந்த கடற்கரை

யோகராணி அக்காவுக்குக் கலியாணம் நடந்தது எண்பத்தைந்தாம் ஆண்டு ஆவணியில். கணவரோடு அவர் குடித்தனம் நடத்தத் தொடங்கியது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு சித்திரையில். இடைப்பட்ட காலத்தில் அவர் கணவர் வாகீசன் அண்ணை நாலைந்து நாடுகளைத் தாண்டிக் கனடாவுக்கு வந்து சேர்ந்து, அகதி வழக்கு முடியும்வரை காத்திருந்து, எல்லாம் சரிவந்த பிறகுதான் மனைவியைக் கூப்பிட முடிந்தது. கலியாணத்துக்குப் பிறகு இருவரும் ஒரு கூரையின் கீழ் இருந்தது சில கிழமைகள் மட்டுமே. அதிலும் பாதி சொந்தக்காரர் வீட்டு விருந்துகளில் போய்விட்டது என்று அக்கா சொல்வார்.

ரொறன்ரோவில் பார்க்டேல் பகுதியில் நாங்கள் ஒரே கட்டடத்தில் எதிரெதிர்க் கதவுகளில் குடியிருந்தோம். அக்கா வந்த சில மாதங்களில், நான் வேலை செய்த ஹோட்டலின் சலவைப் பகுதியிலேயே அவருக்கும் வேலை கிடைத்தது. மெஷினிலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிப்போம். கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். அந்த நேரங்களில் துண்டு துண்டாக அவர் சொன்னதைத்தான் நான் இங்கே ஒன்றாகச் சேர்க்கிறேன்.

அந்தப் பத்து வருஷமும் அக்காவைப் பொறுத்தவரை வாகீசன் அண்ணை என்றால் ஒரு குரல். ஊருக்குப் போகிறவர்களிடம் அவர் கசெற்றில் பேசி அனுப்புவார். போர் மூளும் காலங்களில் மாதக்கணக்கில் ஒன்றும் வராது. பிறகு திடீரென்று இரண்டு மூன்று சேர்ந்து வரும். குரலில் வந்த அந்த மனுஷன் பெரிய கதைக்காரன். ரொறன்ரோவில் தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்றீற்கார் வளைவில் திரும்பும்போது எப்படிக் கீச்சிடும், பக்கத்து அறைக்காரன் கனவில் யாரோடு சண்டை பிடிக்கிறான், முதல் பனி விழுந்த அன்று தான் எப்படி வழுக்கி விழுந்து எழும்பி ஒருவரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்தார், எல்லாம் சொல்வார். அக்கா சிரித்துச் சிரித்துக் கேட்டிருக்கிறார்.

ஏர்போட்டில் வந்து நின்றவர் வேறு ஆள். முன்தலையில் முடி குறைந்த, ஒல்லியான, வெட்கப்படுகிற மனுஷன். அக்காவின் பையை வாங்கிக்கொண்டு, "வாரும், கார் அங்காலை நிக்குது" என்றார். வீடு வரும்வரை வேறு பேச்சு இல்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களிலும் பெரிதாக இல்லை.

கெட்டவர் என்று சொல்ல முடியாது. அதுதான் அக்காவுக்குச் சிக்கல். குடி இல்லை, கோபம் இல்லை. மிசிசாகாவில் விமான நிலையத்தில் ஒரு விமான நிறுவனத்துக்குப் பெட்டி ஏற்றும் வேலை. பெரும்பாலும் இரவு முறை. அவர் வீட்டுக்கு வரும்போது அக்கா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார். அண்ணை தான் சாப்பிட்ட கோப்பையை அந்தக் கணமே கழுவிக் கவிழ்த்துவிடுவார். தன் உடுப்பைத் தானே தோய்ப்பார். பத்து வருஷம் தனி ஆம்பிளையாக இருந்த பழக்கம்.

ஒருநாள் விரிப்பு மடிக்கும்போது அக்கா சொன்னார்:

"தேத்தண்ணி குடுத்தால் தாங்ஸ் சொல்லுறார் நிலாணி. நான் ஏதோ கடையிலை நிண்டு ஊத்திக் குடுத்த மாதிரி."

"நல்லதுதானே அக்கா. என்ரை மனுஷன் அதுவும் சொல்லமாட்டார்."

"உனக்கு விளங்காது" என்றார். அடுத்த விரிப்பை உதறிவிட்டு, "எனக்கும் விளங்கேல்லை" என்றார்.

அந்த ஆண்டு மார்கழியில் வாகீசன் அண்ணையின் சூப்பர்வைசர் கார்மெலோ ஒரு பேச்சை எடுத்தார். கார்மெலோ சிசிலித் தீவிலிருந்து சின்ன வயதில் வந்தவர். தீவின் மேற்கு மூலையில், கடலைப் பார்த்தபடி, தகப்பன் விட்டுப்போன ஒரு வில்லா அவருக்கு இருந்தது. கோடையில் விடுமுறைக்காரருக்கு வாடகைக்குப் போகும். குளிர்காலத்தில் பூட்டியே கிடக்கும். பூட்டிக் கிடந்தால் சுவரில் ஈரம் ஏறிவிடும், யாராவது போய் இரண்டு கிழமை ஜன்னல்களைத் திறந்து வைத்தால் நல்லது, உனக்குத்தான் வேலைக்காரருக்கான ரிக்கற் இருக்கிறதே, இடம் காலியாக இருந்தால் ஏறிப் போகலாம், நீ கலியாணத்துக்குப் பிறகு மனைவியோடு எங்கேயாவது போயிருக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்.

இந்தச் செய்தியை வாகீசன் அண்ணை குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து அதற்குள்ளே பார்த்தபடி சொன்னாராம்.

"மாசியிலை இத்தாலிக்கு ஒருக்காப் போய் வருவமோ?"

பாலைத் தேடிக்கொண்டு கேட்கிற கேள்வியா அது என்று அக்காவுக்குத் தோன்றியது. ஆனாலும், "நீங்கள் சொன்னால் போவம்" என்றார்.

விசாவுக்கு இரண்டு தரம் அலைந்தார்கள். கார்மெலோ வில்லாக் கதவுகளுக்கான திறப்புக் கோர்வை ஒன்றையும், அந்தக் கரையில் பார்க்க வேண்டிய இடங்களின் படங்கள் போட்ட ஒரு வண்ணப் பிரசுரத்தையும் கொடுத்தார். நீலத் தண்ணீரில் குகைக்குள்ளே நுழையும் படகுகள், மஞ்சள் குடையின் கீழ் கறுத்த கண்ணாடி போட்ட பெண்கள், மலை உச்சியில் ஒரு கல்நகரம், காற்றாலைகள் நிற்கும் உப்பளம், ஒரு தீவு, ஒரு பழைய கோயில். அக்கா அதை வேலைத்தளத்துக்குக் கொண்டுவந்து எங்களுக்குக் காட்டினார். வெளியே ரொறன்ரோ பனியில் புதைந்து கிடந்தது. நாங்கள் எல்லோரும் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ரோம் வரை ஒரு விமானம், பிறகு இன்னொன்று, பிறகு பஸ். கடைசிப் பஸ் நிறுத்தத்தில் கார்மெலோ சொல்லி வைத்திருந்த, வில்லாவுக்குப் பக்கத்து வீட்டு அம்மா அகத்தா வந்து நின்றார். அவரும் அக்காவும் ஒருவர் பாஷையை மற்றவர் அறியாமல், அதைப் பற்றிக் கவலைப்படாமல் பேசிக்கொண்டே ஒழுங்கை வழியே நடந்தார்கள். வாகீசன் அண்ணை பெட்டிகளை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

ஒழுங்கையின் இரு பக்கமும் இலையே இல்லாத மரங்கள். ஆனால் கிளை முழுக்க வெள்ளையும் வெளிர் சிவப்புமாகப் பூ. அக்கா அதைத் தூரத்தில் கண்டபோது பனி கொட்டியிருக்கிறது என்றே நினைத்தார். கிட்டப் போய் ஒரு இதழைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார். அது வாதுமை மரம் என்று பிறகு தெரிந்தது.

வில்லா என்றதும் மனதில் வந்த படம் வேறு. இது வெள்ளை அடித்த, தடித்த கல்சுவர் வீடு. கடலைப் பார்த்த மாடி முற்றம். உள்ளே கதிரை, மேசை, கட்டில் எல்லாம் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தன. யாரோ பலர் தலையை மூடிக்கொண்டு தங்களுக்காகக் காத்திருப்பதைப் போல இருந்தது என்றார் அக்கா. ஹீற்றர் கிடையாது. வெளியே வெயில், உள்ளே பார்க்டேல் அப்பாட்மென்ற்றை விட மோசமான குளிர். கனடாவிலிருந்து போட்டு வந்த குளிர்க்கோட்டைக் கழற்றாமலே சமைத்தார்கள், சாப்பிட்டார்கள். அகத்தா ஒரு செப்புச் சட்டியில் கரி நெருப்புக் கொண்டுவந்து வைத்தார். அது இருந்த ஒரு அறையைத் தவிர மற்ற அறைகளில் இருக்கவே முடியவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து கையைச் சூடாக்கியபடி, அந்தப் பிரசுரத்தைப் பார்த்து, நாளைக்கு எங்கே போவது என்று மட்டும் பேசினார்கள். பேச ஒரு விஷயம் கிடைத்ததே என்று அக்காவுக்கு நிம்மதி.

முதல் நாள் படகுக் குகை. நடந்து துறைக்குப் போனால் படகுகள் எல்லாம் மணலில் கவிழ்ந்து கிடந்தன. ஒரு கிழவர் ஒன்றுக்கு நீலப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். வாகீசன் அண்ணை படத்தைக் காட்டினார். கிழவர் தலையாட்டி, வானத்தைக் காட்டி, பிறகு தூரிகையால் எங்கேயோ தொலைவைக் காட்டி ஒரு மாதத்தின் பெயர் சொன்னார். ஆனி என்று புரிந்தது. நாலு மாதம் பொறுக்க வேண்டும்.

அடுத்த நாள் பஸ் பிடித்துப் பட்டணத்து நூதனசாலைக்குப் போனார்கள். வாசலில் சாரம் கட்டியிருந்தது. திருத்த வேலை. படியில் ஒரு பூனை படுத்திருந்தது. அதையாவது பார்த்தோம் என்று திரும்பினார்கள்.

உப்பளத்துக் காற்றாலைகள் பாய் கழற்றி, எலும்புக்கூடு போல நின்றன. வரம்புகளில் குவித்த உப்பை ஓடு அடுக்கி மூடி வைத்திருந்தார்கள். கடற்கரை உணவுக்கடைகளின் கதிரைகள் மேசைமேல் தலைகீழாக ஏறியிருந்தன. ஐஸ்கிறீம் கடைக்கு மரப்பலகைக் கதவு. எங்கே போனாலும் யாரோ ஒருவர் இரக்கத்தோடு கையை விரித்து அந்த ஒரே மாதத்தின் பெயரைச் சொன்னார்.

அதன் பிறகு தீவுக்குப் போவோம் என்று துறைமுகத்துக்குப் போனார்கள். காற்று பலமாக இருந்ததால் கப்பல் இல்லை என்றார்கள். பின்னேரம் ஒருவேளை விடலாம் என்றும் சொன்னார்கள். காத்திருப்பு மண்டபத்தில் இவர்களைத் தவிர ஒரு நாயோடு வந்த மனிதர் மட்டும். வாகீசன் அண்ணை வெளியே போய் ஒரு கடதாசிப் பை நிறையத் தோடம்பழம் வாங்கி வந்தார். உரித்தால் உள்ளே இரத்தச் சிவப்பு. ஒன்றை உரித்து, நார் எடுத்து, சுளை பிரித்து மனைவியின் கையில் வைத்தார். அடுத்ததையும் அப்படியே. கப்பல் வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்தது. பழம் தீர்ந்துபோனது.

அப்போதுதான் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"என்ன?" என்றார் வாகீசன் அண்ணை.

"உங்கடை கார்மெலோ எங்களை ஒரு பூட்டின ஊருக்கு அனுப்பிப்போட்டார்."

அவர் ஒரு கணம் பயந்துபோய்ப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். நாயோடு வந்த மனிதரும், காரணம் தெரியாமல், மரியாதைக்காகச் சிரித்தார்.

"நாளைக்கு எங்கை?" என்றார் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மலைக்கு மேலை ஒரு ஊர் இருக்கு. ஊரைப் பூட்ட ஏலாதுதானே."

அந்த மலையூரின் பெயர் எரிச்சே. கடலிலிருந்து நெட்டுக்குத்தாக எழும்பும் மலையின் உச்சியில் இருக்கிறது. பஸ் வளைந்து வளைந்து ஏறியது. கீழே நல்ல வெயில். பாதி வழியில் ஒரு மேகத்துக்குள் நுழைந்தார்கள். அதன் பிறகு வெளியே வரவே இல்லை. ஊர் வாசலில் இறங்கியபோது தங்களுக்கு முன்னால் நின்ற மதிலின் அடி மட்டும் தெரிந்தது. மதிலின் தலை இல்லை.

ஊரை யாரும் பூட்டவில்லை, மூடுபனி எடுத்துக்கொண்டு போய்விட்டது. கல் பாவிய ஒழுங்கைகள், ஈரத்தில் மினுங்கும் கற்கள், எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம், எங்கோ ஒரு மணி. கையை நீட்டினால் விரல் மங்கியது. ஆள் நடமாட்டமே இல்லை. இரண்டு மூன்று அடி முன்னால் போன வாகீசன் அண்ணை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஒரு நிழலாகி, இல்லாமல் போனார். அக்கா நின்றுவிட்டார்.

"இஞ்சேருங்கோ, எங்கை நிக்கிறியள்?"

"இஞ்சைதான். வாரும். நேரை வாரும்."

"தெரியேல்லை."

"பயப்பிடாதையும். நான் கதைச்சுக்கொண்டே நடக்கிறன். சத்தத்தைப் பிடிச்சு வாரும்."

அப்படித்தான் தொடங்கியது. என்ன கதைக்கிறது என்று அவருக்குத் தெரியாமல், கண்ணில் பட்டதைச் சொன்னார். இது ஒரு கதவு, பச்சை நிறம், பிடி மட்டும் பித்தளை. இதிலே ஒரு படி இருக்கு, கவனம். இப்ப இடப் பக்கம் ஒரு கோயில் மாதிரி, இல்லை, அது ஒரு வீடுதான், கோயில் எண்டு நினைச்சுத் தொப்பியைக் கழட்டிப்போட்டன். அந்தக் குரலை அக்காவுக்குத் தெரியும். ஊரில், ஜன்னல்களை அடைத்துக்கொண்டு, பற்றரி தீர்ந்துவிடுமோ என்ற பயத்தோடு காதை ஒட்டி வைத்துக் கேட்ட குரல் அது. ரொறன்ரோ வந்த நாளிலிருந்து அது எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தார். முகம் மறைந்ததும் குரல் வந்துவிட்டது.

அக்கா அவரை எட்டிப் பிடிக்காமல், வேண்டுமென்றே இரண்டடி பின்தங்கியே நடந்தார்.

"நிண்டுடாதையுங்கோ, கதையுங்கோ" என்றார்.

பிறகு அந்தக் குரல் சொன்னது:

"நான் அந்தக் கசெற் எல்லாம் எங்கை இருந்து பதிஞ்சனான் தெரியுமோ? உடுப்பு வைக்கிற அலுமாரிக்குள்ளை. அறையிலை அஞ்சு பேர் இருந்தம். ஆரும் கேட்டால் வெக்கம். கோட்டுகளுக்கு நடுவிலை குந்தியிருந்து, இருட்டிலை, உம்மோடை கதைப்பன். கலியாணப் படத்திலை நீர் இருக்கிற மாதிரித்தான் எனக்குத் தெரியும். அந்த முகத்தோடைதான் கதைச்சது."

"இப்ப?"

"இப்ப நீர் வந்திட்டீர். வந்த ஆள் வேறை. நல்ல வடிவாத்தான் இருக்கிறீர், அது இல்லை. ஆனால் எனக்கு உம்மைத் தெரியாது. அலுமாரிக்குள்ளை கதைச்ச ஆளை விட்டுப்போட்டு வேறை ஒரு பொம்பிளையோடை குடும்பம் நடத்துற மாதிரி ஒரு கூச்சம். இதை நான் ஆருக்குச் சொல்லுறது? உமக்குச் சொல்லலாமோ?"

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் அந்தப் பனியில் யாருக்கும் தெரிந்திருக்காது, ஆனால் அழுகை வரவில்லை என்றார். பெரிய ஒரு மூச்சு வந்ததாம்.

"நீங்கள் கதைக்கேக்கை இடைக்கிடை நிப்பாட்டுவியள்" என்றார்.

"ஓம். நீர் பதில் சொல்லுறதுக்கு."

"நான் சொன்னனான்."

முன்னால் போன காலடி நின்றது.

"ஒவ்வொரு இடத்திலையும் சொன்னனான். அம்மா கேட்டுட்டு, உனக்கு விசரோ எண்டவ. ஒருக்கா நீங்கள் சினோ கொட்டுது, உமக்குக் குளிர் பிடிக்குமோ எண்டு கேட்டனீங்கள்."

"என்ன சொன்னீர்?"

"தெரியாது, வந்து பாத்துட்டுச் சொல்லுறன் எண்டனான். பாத்துட்டன். பிடிக்கேல்லை."

பனிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "வேறை?" என்றது குரல்.

அன்று முழுக்க அந்த ஊரில் சுற்றினார்கள். கோட்டை எங்கே இருந்தது, பிரசுரத்தில் இருந்த பூந்தோட்டம் எங்கே இருந்தது என்று இருவருக்கும் தெரியாது. மதில்களைத் தொட்டுத் தொட்டு ஒரே ஒழுங்கையில் பல தரம் வந்திருக்கக்கூடும். அக்கா ஞாபகம் இருந்த கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். தன் தகப்பன் செத்ததைக் கேள்விப்பட்டு அவர் கசெற் அனுப்பியபோது தான் சொன்ன பதிலையும் சொன்னார். ஓரிடத்தில் திறந்திருந்த ஒரு பேக்கரியைக் கண்டு, வாதுமையில் செய்த இனிப்பு வாங்கினார்கள். கடைக்காரி அவர்களைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. இந்தப் பனியில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பழகிப்போனவர் போல இருந்தார்.

பஸ் இறங்கி வெயிலுக்குள் வந்ததும் இருவருக்கும் மறுபடி வெட்கம் வந்துவிட்டது. ஆனால் இது வேறு வெட்கம் என்றார் அக்கா. அதற்கு மேல் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிரசுரத்தில் மிஞ்சியிருந்தது பழைய கோயில். செஜெஸ்தா என்ற இடம். மலைகளுக்கு நடுவில் ஒரு மேட்டில் தனியாக நிற்கிறது. அங்கே மட்டும் வாசல் திறந்திருந்தது. காவலாளி தன் அறையில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகத் தூண்கள் நிற்கின்றன. கூரை இல்லை. விழுந்து போகவில்லை, போடவே இல்லையாம். கட்டத் தொடங்கியவர்கள் ஏதோ காரணத்தால் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அக்கா பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். உள்ளே புல். புல்லுக்கிடையில் மஞ்சள் பூ. மேலே ஆகாயம். சாமி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கல்லும் இல்லை.

"கும்பிடுவமோ?" என்றார் வாகீசன் அண்ணை.

"ஆரை?"

அவர் சுற்றிப் பார்த்தார். "சும்மா இருப்பம்" என்றார்.

இருவரும் தூணின் அடியில் உட்கார்ந்தார்கள். வெயில் கல்லைச் சூடாக்கியிருந்தது. எங்கோ ஆட்டு மணிச் சத்தம். தூண்களின் உச்சியில் காகம் போன்ற பறவைகள் பேசிக்கொண்டன. அக்காவுக்கு நித்திரை தூக்கியது. கணவரின் மடியில் தலையை வைத்தார். யாராவது பார்ப்பார்களோ என்று முதலில் நினைத்தார், பிறகு நினைக்கவில்லை. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு நித்திரை கொண்டதில்லை என்றார். விழித்தபோது தூண்களின் நிழல்கள் நீண்டு மேட்டை விட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. வாகீசன் அண்ணை அசையாமல் அப்படியே இருந்தார். கால் விறைத்துப்போய், எழும்புவதற்குத் தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவர்கள் ஓரிடமும் போகவில்லை. காற்று அடங்கிக் கடல் கண்ணாடி போலக் கிடந்தது. தீவுக் கப்பல் ஊதிக்கொண்டு போவது மாடி முற்றத்திலிருந்தே தெரிந்தது. போவமோ என்று ஒருவரும் கேட்கவில்லை. கதிரைகளின் வெள்ளைத் துணிகளைத் தோய்த்து முற்றத்தில் காயப் போட்டார்கள். எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்தார்கள். கடற்காற்று வீடு முழுக்க நடந்தது. அகத்தாவுக்கு இடியப்பம் செய்து காட்ட உரல் இல்லாததால், அக்கா பருப்புக்கறி வைத்துக் கொடுத்தார். அகத்தா அதைப் பாணோடு தொட்டுச் சாப்பிட்டுவிட்டு நெடுநேரம் ஏதோ சொன்னார். நல்லது என்றுதான் சொல்லியிருப்பார்.

திரும்பும்போது ரோம் விமான நிலையத்தில் பிரச்சினை வந்தது. வேலைக்காரருக்கான ரிக்கற்றில் போகிறவர்கள் மற்றவர்கள் எல்லாம் ஏறி முடியும்வரை காத்திருக்க வேண்டும். அன்று விமானம் நிரம்பி வழிந்தது. கடைசியில் மேசையில் இருந்த பெண் வாகீசன் அண்ணையின் பெயரைக் கூப்பிட்டாள்.

"ஒரு இடம்தான் இருக்கிறது. நாளைக்கு உங்களுக்கு வேலை என்று காட்டுகிறது. நீங்கள் போங்கள். மனைவியை நாளை விமானத்தில் அனுப்புகிறோம்."

அக்கா இதைக் கேட்டவுடன் பையைத் தோளில் சரிசெய்துகொண்டார். அவர் சிந்திக்கவே இல்லை. அந்த வசனம் அவருக்குப் பழகிய வசனம். நீர் பிறகு வாரும்.

"நீங்கள் போங்கோ" என்றார். "வேலைக்குப் பிந்தினால் ஏசுவினம். நான் இதிலை இருப்பன். எனக்குத் தனிய இருந்து பழக்கம்தானே."

வாகீசன் அண்ணை அந்தப் பெண்ணையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். பிறகு தன் ரிக்கற்றை மேசையிலிருந்து திருப்பி எடுத்துக்கொண்டார்.

"அடுத்த ஆளுக்குக் குடுங்கோ" என்று அவர் தமிழிலேயே சொல்லிவிட்டார். பிறகு நினைவு வந்து ஆங்கிலத்தில் சொன்னார்.

"என்ன செய்யிறியள்? வேலை?"

"கிடக்கட்டும்."

"கார்மெலோ..."

"கார்மெலோவுக்கு நான் சொல்லுறன். பெட்டியைத் தாரும்."

பின்னால் நின்ற ஒரு மாணவன் அந்த இடத்தில் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். விமானம் கண்ணாடிக்கு அப்பால் பின்வாங்கித் திரும்பிப் போனது. அக்காவுக்கு அப்போது கோபம்தான் வந்தது. இப்படி வேலையைக் கெடுப்பார்களா என்று. முகத்தைத் திருப்பிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். வாகீசன் அண்ணை தன் குளிர்க்கோட்டைக் கழற்றி மடித்து அக்காவின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். அக்கா தாங்ஸ் சொல்லவில்லை. சாய்ந்துகொண்டார்.

அடுத்த நாளும் இடம் இல்லை. அதற்கடுத்த நாள்தான் இரண்டு இடம் கிடைத்தது. அவை வெவ்வேறு வரிசைகளில். பக்கத்து இடத்தில் இருந்த ஒரு பெரியவரிடம் கேட்டு மாறிக்கொண்டார்கள்.

வேலைக்கு வராத நாட்களுக்காக வாகீசன் அண்ணைக்கு எச்சரிக்கை கிடைத்தது. கார்மெலோ நல்லவர்தான், ஆனால் அவருக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள். யாரும் விரும்பாத ஒரு முறைக்கு அவரை மாற்றினார்கள். நடுப்பகலில் போய் இரவு பிந்தி வரும் முறை. தண்டனையாகக் கொடுத்த அந்த மாற்றத்தால்தான், காலையில் அக்காவோடு சேர்ந்து தேத்தண்ணி குடிக்கவும், ஸ்றீற்கார் நிறுத்தம் வரை கூட நடக்கவும் அவருக்கு நேரம் கிடைத்தது. நானும் அவர்களோடு நடந்திருக்கிறேன். அவர் இப்போதும் அதிகம் பேசுகிறவர் இல்லை. அக்கா பேசுவார், அவர் கேட்பார். சில நேரம் பனி புகையாக இறங்குகிற காலையில், இரண்டடி முன்னால் நடந்துகொண்டு ஏதாவது சொல்லுவார். அப்போது நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பின்னால் வருவேன்.

தொண்ணூற்றேழில் அவர்களின் மகள் அட்சயா பிறந்தாள். அவளுக்கு இரண்டு வயதானபோது அவர்கள் ரொறன்ரோவுக்கு வெளியே அஜக்ஸில் ஒரு வரிசை வீடு வாங்கிக் குடிபோனார்கள். அக்கா ஹோட்டல் வேலையை விட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்தார். எனக்கு வேலையில் விரிப்பின் மறு முனையைப் பிடிக்க வேறு ஒருத்தி வந்தாள். அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டே மடிப்பாள்.

குடிபுகுந்த சில மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ரயில் எடுத்து அவர்களைப் பார்க்கப் போனேன். மதியச் சாப்பாடு முடிந்து புறப்படும் நேரம். பின்வளவில் கத்தரி நடுவதா, அல்லது அட்சயாவுக்கு ஊஞ்சல் கட்டுவதா என்று இருவருக்கும் வாக்குவாதம் தொடங்கியது.

"ஊஞ்சல் பூங்காவிலை இருக்கு. கத்தரி பூங்காவிலை இருக்கோ?" என்றார் அக்கா.

"பிள்ளை என்ன கத்தரிக்காயோடையோ விளையாடுறது?"

"உங்களுக்கு ஒண்டும் தெரியாது."

"உமக்கு மட்டும் எல்லாம் தெரியும்."

நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அவர்கள் சண்டை பிடித்து நான் கேட்டதே இல்லை. குரல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. அட்சயா சமையலறை நிலத்தில் உட்கார்ந்து ஒரு அகப்பையால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். போய்வருகிறேன் என்று நான் சொன்னதை ஒருவரும் கவனிக்கவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்தேன். தெருவின் திருப்பம் வரைக்கும் இரண்டு குரலும் கேட்டுக்கொண்டிருந்தன.